இடது இருக்கையின் வெயில்

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறியவன் வளைவுகளை எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கை தவறி, அசதியில் கண்ணயர்ந்து, குளிரில் மறுபடி விழித்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது மூக்குமலை. அந்த ஊரில் கார்த்திகை பிறந்தால் மாசி முடியும் வரை துவைத்த துணி காயாது, அரைத்த மாவு புளிக்காது, தீப்பெட்டி முதல் உரசலில் பற்றாது. இதையெல்லாம் ஊர்க்காரர்கள் குறையாகச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் குணத்தைச் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்த அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தவர் மாசிலாமணி. ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர், பேசிய கொஞ்சத்தையும் பிறகு தனியாக உட்கார்ந்து சரிதானா என்று திருப்பிப் பார்க்கிறவர். ஊர் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது. கிளி டிரைவிங் ஸ்கூலின் வெள்ளைக் காரில் இடதுபக்கம் அவர் உட்காருவார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தவரின் கை நடுங்கும்போதெல்லாம், "பயப்படாத, பிரேக் எங்கிட்ட இருக்கு" என்பார். அந்த வாக்கியம் ஊருக்குள் பரவி, பிரசவத்துக்கு மனைவியை அனுப்பும் கணவனும், பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பும் அப்பனும் சிரித்துக்கொண்டே சொல்கிற வாக்கியமாகிவிட்டது. தான் சொல்லாமல் எவனும் ஸ்டியரிங் பக்கம் ஏறக் கூடாது என்பது அவருடைய முதல் பாடம். அதுவும் ஊருக்குள் ஊறிப்போய், அண்ணன் தம்பி காரானாலும் கேட்காமல் வலதுபக்கக் கதவைத் திறக்காத ஊராக மூக்குமலை ஆகியிருந்தது.

மாஸ்டருக்கென்று சொந்தமாக இன்னொரு கார் இருந்தது. கூரை திறந்த, இரண்டே இருக்கை கொண்ட, தரையை ஒட்டி ஓடுகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார். கிளிப்பச்சை நிறம். தேயிலை எஸ்டேட்டை விட்டுப் போன மேனேஜர் ஒருவரிடமிருந்து வாங்கியது; டிரைவிங் ஸ்கூலுக்குப் பெயர் வந்ததே அதிலிருந்துதான். அந்தக் காரில் அவர் வலதுபக்கம் மட்டும்தான் உட்காருவார். இடதுபக்கம் பிரேக் இல்லாத வண்டியில் இடதுபக்கம் உட்காருவது, அவரைப் பொறுத்தவரை, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது.

தீபாவளி கழிந்ததும் வருடா வருடம் அந்தக் காரைக் குளிர்காலத்துக்காகக் கிடத்திவைப்பார். டேங்க் நிறையப் பெட்ரோல் போடுவார், பேட்டரி வயரைக் கழற்றுவார், டயரில் கொஞ்சம் கூடுதலாகக் காற்று அடிப்பார், ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பார், எலி வராமலிருக்க இருக்கைக்கடியில் அந்துருண்டை போடுவார். பிளாஸ்டிக் போட்டு மூடினால் வண்டி உள்ளுக்குள்ளேயே வேர்த்துத் துருப்பிடிக்கும் என்பதால் பருத்திப் போர்வையால் போர்த்துவார். அதே வாரத்தில் மனைவி ரஞ்சிதத்தைக் கோபியில் இருக்கும் அவள் தங்கை வீட்டில் கொண்டுபோய் விடுவார். ரஞ்சிதத்துக்கு நெஞ்சுச் சளி, மலைக்குளிர் ஆகாது. இனி ஒரு பனிக்காலம் இங்கே இருந்தால் திரும்ப மூச்சு சரியாகும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோபியில் தங்கை வீட்டு மாடியைத் தனியாக ஒழித்து வைத்திருந்தாள். வருடம் பூராவும் அங்கேயே இருந்துவிடு அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டும் இருந்தாள். காரையும் மனைவியையும் ஒரே வாரத்தில் பத்திரப்படுத்திவிட்டு, மாசி வரை மாசிலாமணி தனியாகக் காபி போட்டுக் குடித்துக்கொண்டு, தான் செய்வது அக்கறையா, கை கழுவுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் ஒரு சில்வர் ஓக் மரம் கார் ஷெட்டின் மேல் சாய்ந்தது. திறந்து கிடந்த ஷெட்டுக்குள் குரங்குகள் புகுந்து, காரின் மடக்குக் கூரையைத் தோரணம்போல் கிழித்துப் போட்டன. புதுக் கூரை கோயம்புத்தூரில் தைத்து வர வேண்டும். பொங்கல் கழிந்துதான் ஆகும் என்றார்கள். வேறு வழியில்லாமல் கார் வீட்டு முன்வாசலில், ரோட்டைப் பார்த்தபடி நின்றது. ஒருநாள் காலையில், தரையெல்லாம் உறைபனி உப்புப்போல் பூத்திருந்தபோது, கோபிக்குக் கிளம்பிய ரஞ்சிதம் பையோடு வாசலுக்கு வந்தாள். ஸ்கூல் கார் கிளம்ப அடம்பிடித்தது. அவர் அதன் பானெட்டைத் திறந்துவைத்துக் குனிந்துகொண்டிருக்க, நிற்க முடியாத ரஞ்சிதம் போர்வையை விலக்கிவிட்டுப் பச்சைக் காரின் இடது இருக்கையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மஃப்ளரைக் கழற்றினாள். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றினாள். பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"ஏங்க, இங்க வெயில் அடிக்குதுங்க" என்றாள்.

அவர் வந்து பார்த்தார். வலது இருக்கையில் பனி வெள்ளையாக இறுகியிருந்தது. இடது இருக்கையில் சித்திரை மாதத்துப் பிற்பகல். கியர் கம்பிக்கு அந்தப்பக்கம் மார்கழியும் இந்தப்பக்கம் அக்னி நட்சத்திரமும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள்போல, ஒன்றையொன்று இடிக்காமல் இருந்தன. ரஞ்சிதத்தின் நிழல் கூர்மையாக, கருப்பாக இருக்கையில் விழுந்திருந்தது. வானத்தில் சூரியன் இல்லை.

"சரி, அப்ப இறங்காத. பானெட்ட மூடிட்டு வர்றேன்" என்றார். அன்றைக்கு அவர்கள் கோபிக்குப் போகவில்லை.

இப்படித்தான் அது வந்தது. எங்கிருந்து வந்தது என்பதை ஊர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. எதை முதலில் காயப்போடுவது என்பதுதான் அதற்குப் பெரிய யோசனையாக இருந்தது. முதலில் பள்ளிச் சீருடைகள் வந்தன. பிறகு கம்பளிகள், அதன் பிறகு மூட்டுவலிக்காரர்கள், எண்ணெய் தேய்த்த கைக்குழந்தைகள், பிரசவமாகி வந்த பெண்கள். பேக்கரி ஹனீபா பன்னுக்குப் பிசைந்த மாவைத் துணி மூடித் தூக்கிவந்து, அரைமணி நேரத்தில் அது பானை விளிம்பைத் தாண்டிப் பொங்கியதைப் பார்த்துத் தனக்குள் ஏதோ கணக்குப் போட்டபடி போனார். தேயிலை பறிக்கும் கற்பகம், கல்யாணமாகி மலையேறி வந்த நாளிலிருந்து வடகம் போட்டதே இல்லை என்று சொல்லி, கூழ் வடகத்தைத் தட்டில் பிழிந்து கொண்டுவந்து வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் ஆறேழு தட்டுகள் வந்தன. பஞ்சாயத்துத் தலைவர் போஜன் தலையிட்டு முறை வைத்தார். காலையில் துணி, அப்புறம் மாவு, நடுப்பகலில் குழந்தைகள், மாலையில் வயசானவர்கள். ரஞ்சிதத்துக்கு மட்டும் முறை கிடையாது. அவளுக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம், இருக்கையில் யார் இருந்தாலும் எழுந்துகொள்ள வேண்டும். அந்த ஒரு மாதத்தில் அவளுக்கு இருமல் மறந்துபோயிருந்தது.

அது எந்த ஊர் வெயில் என்பதில் மட்டும் சச்சரவு ஓயவில்லை. புழுதி வாசம் வருகிறது, இது சத்தியமங்கலத்து வெயில் என்றாள் கற்பகம். உப்புக்காற்று கலந்திருக்கிறது, காயல்பட்டணத்து வெயில்தான், என் அத்தா கடைவாசலில் விழுகிற வெயில் என்றார் ஹனீபா. மலையிலேயே பிறந்து வளர்ந்த போஜன், உட்கார்ந்து எழுந்து, "எனக்குச் சொல்லத் தெரியலைங்க, ஆனா நல்லாருக்கு" என்றார். ஒரு காட்டெருமைகூட தினமும் சாயங்காலம் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிவந்து, இடதுபக்கக் கதவுக்கு மேலாக மூக்கை நீட்டிவைத்துக்கொண்டு நிற்கும். வயசானவர்கள் அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். சுற்றுலாக்காரர்கள் கேட்டால், வண்டி ரிப்பேர், துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம் என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. வலது இருக்கையில் மட்டும் யாரும் எதையும் வைக்கவில்லை. மாஸ்டர் சொல்லாமல் அந்தப் பக்கம் ஏற முடியாதல்லவா?

நின்றபடியே இருந்தால் வண்டி கெட்டுவிடும் என்று, வாரத்தில் ஒருநாள் மாசிலாமணி வலது இருக்கையின் பனியைச் சுரண்டிவிட்டு உட்கார்ந்து, யாருடைய முறையோ அவர்களை இடதுபக்கம் வைத்துக்கொண்டே, பஜாரைச் சுற்றி ஓட்டிவருவார். காதில் பனிக்காற்று அறையும். ஒரு முழம் தள்ளி ரஞ்சிதமோ கற்பகத்தின் பேரனோ நெற்றி வியர்வையைத் துடைப்பார்கள். இடது கையை நீட்டிப் பார்ப்பார். அவர் விரலுக்குக் குளிர்தான் தட்டுப்படும்.

ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவர் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மேலே போர்த்திய வேட்டியை யாரோ மெல்ல உருவுவதுபோல வெயில் போனது. நிழல் மங்கிற்று. இருக்கைத் தோல் சில்லிட்டது. அவர் எழுந்து நின்றதும், தயங்கித் தயங்கி, வெயில் திரும்ப வந்தது. சில நாள் கழித்து இன்னொரு முறை உட்கார்ந்து பார்த்தார். அந்த முறை அது திரும்ப வருவதற்குள் ஹனீபாவின் மாவு இறுகிவிட்டது.

ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. "மாஸ்டர் உக்காந்தா மேகம் மூடிக்குது" என்று, பால் வேன் லேட் என்று சொல்வதுபோலச் சொன்னார்கள்.

"நான் தின்ன பன் எனக்கு என்னிக்காவது ருசிச்சிருக்கா? அந்த மாதிரிதான் மாஸ்டர், மனசுல வெக்காதீங்க" என்றார் ஹனீபா.

"உன் பன் யாருக்குத்தான் ருசிச்சுது பாய்" என்றாள் கற்பகம்.

மாசிலாமணி மனசில் வைத்துக்கொண்டார். எருமைக்குக்கூடக் கிடைப்பது தனக்கு ஏன் இல்லை என்று யோசித்தார். தான் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை என்று நினைத்தார்; அப்படி நினைத்ததே சந்தேகமாகப் பட்டது. எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தோம், ஒருவனும் விபத்தில் மாட்டியதில்லை என்று நினைத்தார்; அதில் என்ன பெருமை, பிரேக் தன்னிடமல்லவா இருந்தது என்றும் நினைத்தார். கடைசியில் ஒருநாள், இருக்கைக்குத் தன்னைப் பழக்கிவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில், விடாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் போன வெயில் மறுநாள் உச்சிவேளை வரைக்கும் வரவில்லை. அதற்குள் ரஞ்சிதத்தின் நெஞ்சில் பழைய விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவள் கட்டிலடியில் இருந்த பையை இழுத்து, புடவைகளை மறுபடி அடுக்கி வைத்தாள்.

அதைப் பார்த்த பிறகு மாசிலாமணி காரின் இடதுபக்கம் போவதையே விட்டார். தன் நிழல்கூட அந்த இருக்கையில் விழக் கூடாது என்று, வீட்டுக்குள் போக வர வலதுபக்கச் சாக்கடைப் பலகை மேலாகச் சுற்றிக்கொண்டு நடந்தார். அந்தப் பலகையில் பனி கண்ணாடிபோல் படிந்திருந்த ஒரு காலையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டு, தை முடியும் வரை கையை அசைக்கக் கூடாது என்று அனுப்பினார்கள்.

வண்டி ஓடவில்லை. அந்த வாரமே வெயில் பிற்பகலிலிருந்து சாயங்காலமாகிவிட்டது. அடுத்த வாரம் விளக்கு வைக்கிற நேரத்து மஞ்சளாக வெளுத்தது. சீருடைகள் ஈரத்தோடு பள்ளிக்குப் போயின. எருமை வந்து மூக்கை நீட்டிவிட்டு உடனே திரும்பிப் போனது. ரஞ்சிதம் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டுதான் தூங்கினாள்.

போஜனும் ஹனீபாவும் கற்பகமும் வந்து வாசலில் நின்றார்கள்.

"வண்டி ஓடணும் மாஸ்டர். ஓடலைன்னா வெயில் செத்துரும்ங்க, பேட்டரியும் சேர்ந்து" என்றார் போஜன். "ஊர்ல லைசென்ஸ் இல்லாதவன் யாரு? எல்லாம் உங்க கைல படிச்சவங்கதான். யார் ஓட்டறதுன்னு நீங்க சொல்லுங்க."

"நான் பக்கத்துல இல்லாம யாரும் அத ஓட்ட முடியாது."

"அப்ப பக்கத்துல உக்காருங்க."

"பக்கத்து சீட்டு எதுன்னு தெரியுமில்ல?"

அவர் இல்லாமல் வண்டியை எடுக்க ஊருக்கு மனம் வராது. அவர் உட்கார்ந்தாலோ மிச்சமிருக்கிற மஞ்சளும் போய்விடும். அது எல்லோருக்கும் விளங்கிற்று.

"நான் ஓட்டறேன்" என்றாள் ரஞ்சிதம், உள்ளேயிருந்து.

அவளுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார், கல்யாணமான புதிதில், கோபியில் ஒரு நெல் களத்தில். லைசென்ஸை அவள் தவறாமல் புதுப்பித்து வந்தாள். பச்சைக் காரின் ஸ்டியரிங்கை அவள் துடைத்திருக்கிறாள், பிடித்ததில்லை. நீ ஓட்டக் கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஓட்டு என்றும் சொன்னதில்லை.

"உனக்கு மூச்சு முடியல" என்றார்.

"ஸ்டியரிங் பிடிக்கக் கைதான வேணும்" என்றவள் பையை எடுத்துவந்து இருக்கைக்குப் பின்னால் இருந்த சந்தில் செருகினாள். "செக்போஸ்ட் வரைக்கும் போவோம். வெயில் வந்தாத் திரும்பி வர்றது. வரலைன்னா அப்படியே கீழ இறங்கிக் கோபிக்குப் போயிடறேன். அங்கயே இருந்துக்கறேங்க. வருசா வருசம் ஏறி இறங்கற வயசு எனக்கும் இல்ல."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஹனீபா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

மாசிலாமணி இடதுபக்கக் கதவைத் திறந்தார். கால் வைக்கிற இடத்தை அடைத்துக்கொண்டு, இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக, கற்பகத்தின் பெரிய வடகத்தட்டு இருந்தது.

"இத யாரு இங்க வெச்சது?"

"நான்தான்" என்றாள் ரஞ்சிதம். "பாதி காஞ்சு நிக்குது. இன்னிக்கு விட்டா பூசணம் பிடிச்சுரும்."

"நான் கால எங்க வெக்கறது?"

"மேல வெச்சுக்கோங்க. மிதிச்சீங்கன்னா கற்பகத்துக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

"என்னைக் கேட்டா மிதிக்காம இருக்கறது நல்லதுங்க மாஸ்டர்" என்றாள் கற்பகம்.

அவர் மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இருக்கைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவுடன் மஞ்சள் வெளிச்சம் போய்விட்டது. வாசலில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். வேறெங்கோ பார்ப்பதுபோல் இருந்தார்கள். ரஞ்சிதம் சக்கரத்துக் கற்களை எடுக்கச் சொன்னாள். வண்டி இருமியது, அவளும் இருமினாள், இருவரும் கிளம்பினார்கள்.

பஜாரைத் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. முதல் வளைவில் பள்ளத்தாக்கு மொத்தமும் அவர் முழங்கைக்குக் கீழே திறந்தபோது, அவருடைய வலது கால் தானாகக் கீழே பாய்ந்தது. பாய இடமில்லை, இடது தொடைக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது. பாதம் மட்டும் இருக்கைத் தோலை அழுத்திற்று. அந்த அழுத்தத்தை அவர் அப்போதுதான் கவனித்தார். தன் வாழ்நாளெல்லாம் இடதுபக்கம் உட்கார்ந்த ஒவ்வொரு நிமிஷமும், வண்டி நின்றிருந்தாலும் ஓடினாலும், அந்தக் கால் எதையோ அழுத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது. வெயிலில் உட்கார்ந்து பார்த்த அந்த நாட்களிலும் அழுத்தியிருக்கிறது. எடுக்கப் பார்த்தார். வரவில்லை. அது அவர் சொல் கேட்கிற கால் இல்லை.

எதிரே பால் வேன் வந்தது. ரஞ்சிதம் ஓரம் கட்டி, வழிவிட்டு, கியரைக் குறைத்து, மறுபடி ஏற்றினாள். அவருக்கு வாய்வரை வந்த சொல்லை மென்று விழுங்கினார். அவள் நன்றாக ஓட்டினாள். அவர் சொல்லிக்கொடுத்ததைவிடக் கொஞ்சம் நன்றாக. இதை எத்தனை வருடமாக எங்கே வைத்திருந்தாள் என்று யோசித்தார். அவள் நெஞ்சின் விசில், எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டது. மூடுபனி கண்ணாடியைத் தாண்டி வந்து அவர் மீசையில் நீராகக் கோத்தது.

செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில் அவருடைய வலது கால் மரத்துப்போனது. முதலில் எறும்பு ஊர்ந்தது, பிறகு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அழுத்துவதற்குக் கால் இருப்பதாகவே தெரியவில்லை.

பிடரியில் ஏதோ சுட்டது.

அவர் அசையாமல் இருந்தார். வெயில் பிடரியிலிருந்து தோளுக்கு இறங்கி, மாவுக்கட்டை வெளுப்பாக்கி, மடியில் பரவி, வடகத்தட்டில் விழுந்தது. தன் நிழலை, சம்மணமிட்ட ஒரு பெரிய வடிவத்தை, அவர் கதவின் உட்புறத்தில் பார்த்தார். மேல்சட்டைக்குள் வேர்த்தது. நெல் உமியின் வாசம் வந்தது. வெந்த மண், சூடான ரெக்ஸின் சீட், களத்து ஓரத்து வேப்பமரம், ஸ்டியரிங்கைப் பிடித்து வேர்த்த ஓர் இளம் கை. அது கியர் கம்பியைத் தாண்டி அந்தப் பக்கமும் போய், ரஞ்சிதத்தின் புடவைத் தோளில் இருந்த பனித்துளிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. இதுவரை வலதுபக்கம் வராத வெயில். அவளுடைய விசில் சத்தம் மெலிந்து, நின்றது.

செக்போஸ்ட் வந்தது. இடதுபக்க ரோடு கீழே இறங்கியது. வலதுபக்கம் வண்டி திருப்ப இடம் இருந்தது. ரஞ்சிதம் இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, வலதுபக்கம் ஒடித்தாள்.

"ரஞ்சிதம், இது எந்த ஊர் வெயில்னு உனக்குத் தெரியுதா?"

"ரோட்டப் பாக்கணும். பேசாம வாங்க" என்றாள்.

வாசலில் ஊர் அப்படியே நின்றிருந்தது. வண்டி நின்றதும் கற்பகம் குனிந்து தட்டிலிருந்து ஒரு வடகத்தை எடுத்து ஒடித்தாள். சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ரஞ்சிதம் இறங்கி, இருக்கைக்குப் பின்னாலிருந்த பையை உருவி எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.

ஹனீபா மாவுப்பானையோடு முன்னால் வந்தார். "எறங்குங்க மாஸ்டர். இப்ப என் முறை."

மாசிலாமணி சம்மணத்தைக் கலைக்கவில்லை. நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையை இடது கையால் துடைத்தார்.

"கால் மரத்துப்போச்சு பாய்" என்றார். "கொஞ்ச நேரம் ஆகும்."